யாழ்ப்பாணத்து விதைகளைத் தேசிய மரபணு வங்கியில் சேர்ப்பது எப்படி: வயலிலிருந்து உறைபெட்டி வரை முழுமையான வழிகாட்டி

பயிர் இனங்களின் விதைகளை நீண்டகாலம் காத்துவைக்கும் மரபணு வங்கி என்றதும் பலருக்கு நினைவு வருவது உறைபெட்டிதான். உண்மையில் அதுதான் இந்த வேலையில் மிகச் சுலபமான பகுதி. காசு கொடுத்தால் வந்துவிடும். விதைகள் வீணாவது பெரும்பாலும் அதற்கு முன்னால் உள்ள இரண்டு இடங்களில்: சரியாக உலராமல் பொதி கட்டப்படும்போதும், எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் வைக்கப்படும்போதும். ஆகவே இந்த வழிகாட்டியில் அவ்விரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். கமக்காரர் அமைப்புகள், பாடசாலைத் தோட்டங்கள், விதை சேகரிக்கும் இளைஞர் குழுக்கள், விவசாய பீட மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

வலையமைப்பு எப்படி அமைந்திருக்கிறது

நாட்டின் மையம் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் உள்ள தாவர மரபணு வளங்கள் நிலையம். விவசாயத் திணைக்களத்தின் கீழ், யப்பான் அரசின் உதவியோடு 1980களின் கடைசியில் அமைக்கப்பட்டது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கே இருக்கின்றன, நெல்தான் முதலிடம். உலர்த்திக் குளிரில் வைக்கக்கூடிய விதைகளுக்கு அது போதும். எல்லாப் பயிரும் அப்படி அடங்காது. தென்னையின் மரத்தொகுப்பு லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனத்தில், தேயிலையினது தலவாக்கலையில், நெல் இனவிருத்தியாளர்கள் அன்றாடம் எடுத்துப் பயன்படுத்தும் தொகுப்பு பத்தலகொடவில், வயற்பயிர்களுக்கு மகா இலுப்பள்ளம். வடக்கில் கிளிநொச்சிப் பிராந்திய ஆராய்ச்சி நிலையமும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஆராய்ச்சி நிலையமும் பல்கலைக்கழக விவசாய பீடமும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. பனைக்குக் கைதடியில் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி உங்கள் ஊர். கன்னொறுவையில் இருப்பவர் வந்து ஒவ்வொரு வேலியிலும் படர்ந்திருக்கும் பாகற்கொடியைத் தேட முடியாது. ஊர்க்குழுவின் பணி மூன்று: கண்டுபிடித்தல், உலர்த்தி விவரத்தோடு ஒப்படைத்தல், ஒரு பிரதியை ஊரிலேயே விதைத்துப் பயன்பாட்டில் வைத்திருத்தல். நீண்டகாலச் சேமிப்பை ஊரில் செய்ய முயல வேண்டாம். அது மையத்தின் வேலை.

படி 1: எது உலரும், எது உலர்ந்தால் சாகும்

எதைத் தொடுவதற்கு முன்னும் இதைத் தீர்மானிக்க வேண்டும். நெல், குரக்கன், சாமை, தினை, பயறு, உழுந்து, கௌப்பி, எள்ளு, மிளகாய், கத்தரி, வெண்டி, பூசணி, பாகல், புடோல், பீர்க்கு, பயற்றை ஆகியவை உலர்த்த உலர்த்த ஆயுள் கூடும் வகை. இவற்றை விதையாகவே வங்கிக்கு அனுப்பலாம்.

மா, பலா ஆகியவற்றின் விதை உலர்ந்தால் செத்துவிடும். பனையையும் உலர்த்திச் சேமிக்க இயலாது. சின்ன வெங்காயம், இராசவள்ளி, வாழை, முந்திரிகை (திராட்சை), வெற்றிலை என்பனவற்றை நாம் பெரும்பாலும் விதையால் பெருக்குவதில்லை. குமிழோ கிழங்கோ தண்டோதான் இனத்தைக் காவிச் செல்கிறது. இவற்றுக்கு நிலத்தில் நிற்கும் தொகுப்பு அல்லது இழைய வளர்ப்பு (ஆய்வுகூடத்தில் செடியின் சிறு துண்டை வளர்ப்பது) வேண்டும். அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம். கறுத்தக்கொழும்பான் மாங்கொட்டையைக் காயவைத்துப் பொதிசெய்து அனுப்புவது அஞ்சல் செலவுக்குக்கூடக் காணாது.

படி 2: எதைத் தேடுவது, எப்போது எடுப்பது

கடையில் பக்கற்றில் கிடைக்கும் இனங்களை விட்டுவிடுங்கள். கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை அடுத்த தலைமுறையில் பிரிந்து போகும். அதற்கு இங்கே இடமில்லை. தேட வேண்டியவை மூன்று வகை. ஒன்று, மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போல மானாவாரியில் தலைமுறையாக வரும் இனங்கள். இரண்டு, ஒரு வீட்டு வளவில் மட்டும் எஞ்சியிருக்கும் மரக்கறிகள், அதாவது பெயரே அந்த வீட்டுப் பெயராக இருக்கும் கத்தரியும் சுரையும். மூன்று, பயிர்களின் காட்டு உறவுகள்.

மூன்றாவது வகையைக் களை என்று பிடுங்கி எறிகிறோம். இலங்கையில் ஐந்து காட்டு நெல் இனங்கள் உண்டு. ஒரைசா ரைசோமாட்டிஸ் உலகில் இந்தத் தீவில் மட்டும் வளர்வது. 1970களில் ஆசிய நெல்வயல்களைத் தாக்கிய புல்க்குட்டை வைரசுக்கு எதிர்ப்புத் தேடி, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 6,000க்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. பயன் தந்தது இந்தியாவில் எடுக்கப்பட்ட ஒரேயொரு ஒரைசா நிவாரா மாதிரி. அதே இனம் நமது வறண்ட வலயக் குளக்கரைகளிலும் நிற்கிறது. மணற்பாங்கான இடங்களில் படரும் நரிப்பயறும் இந்தக் கணக்கில் வரும். உவர் ஏறிய வயலில் எந்த நெல் பிழைத்தது என்று தொண்டைமானாறு, உப்பாறுப் பக்கத்துக் கமக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலுக்குப் பின்னால் போவது எந்தப் பட்டியலையும்விடப் பயன் தரும்.

எடுக்கும் பருவம் பயிருக்குப் பயிர் வேறு. நெல்லில் கதிரின் மணிகள் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோல் நிறமானதும் எடுக்கலாம். மிளகாய் முழுச் சிவப்பு, கத்தரி மஞ்சள், பாகல் செம்மஞ்சளாகி வெடிக்கும் தறுவாய், புடோல் சிவந்து மெதுமையாகும் நிலை, வெண்டி செடியிலேயே காய்ந்து பழுப்பு. பூசணியைப் பறித்த பின் இரண்டு மூன்று கிழமை நிழலில் வைத்துவிட்டு வெட்டினால் உள்ளே விதை முற்றிக்கொள்ளும். கறிக்குப் பறிக்கும் பருவத்துக் காயிலிருந்து எடுத்த விதை முளைத்தாலும் நீண்டகாலம் தாங்காது. வங்கியில் முதல் சோதனையிலேயே தோற்கும் மாதிரிகளில் பல இப்படி வந்தவை. காட்டு நெல்லும் காட்டுப் பயறும் முற்றியதும் உதிர்ந்துவிடும். பூத்து இரண்டு கிழமையில் கதிருக்கு நைலோன் வலைப்பை கட்டிவிட்டுத் திரும்பிப் போய் அவிழ்ப்பதே வழி.

படி 3: எத்தனை செடி, எவ்வளவு விதை

நல்ல விதை எடுக்கத் தெரிந்த கமக்காரர் இங்கே ஒரு பழக்கத்தைக் கைவிட வேண்டும். நாற்றுக்கு விதை எடுக்கும்போது மிகப் பெரிய கதிரையும் அழகான காயையும் தெரிவோம். வங்கிக்கு எடுக்கும்போது அப்படித் தெரியக் கூடாது. வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, இத்தனை அடிக்கு ஒன்று என்று கண்ணில் பட்டதை எடுக்க வேண்டும். குட்டையானதும் பிந்திப் பூத்ததும் சேர்ந்ததுதான் அந்த இனம். நாளை வறட்சிக்கு உதவப்போவது எது என்று இன்று தெரியாது. நோய் பிடித்த செடியை மட்டும் விலக்குங்கள்.

வயலில் 5% அளவிலாவது இருக்கும் ஒரு மரபுக்கூறு, 95% நிச்சயத்தோடு பையில் விழ வேண்டுமானால், நெல், பயறு போலத் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிரில் 59 செடிகளிலிருந்தும், பூசணி போல அயல்மகரந்தச் சேர்க்கைப் பயிரில் 30 செடிகளிலிருந்தும் எடுக்க வேண்டும். 60 என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். வளவில் நான்கு கொடிதான் நிற்கிறதா? நான்கிலும் எடுத்து, நான்கு என்று எழுதிவிடுங்கள். எண்ணிக்கை குறைந்த மாதிரி பிழையல்ல. குறைவு என்பதை மறைப்பதுதான் பிழை.

அளவு: சேமிப்பு, பாதுகாப்புப் பிரதி, முளைச் சோதனைகள், பிறருக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்து 4,000 விதை இருந்தால் தாராளம். நெல்லில் அது ஏறக்குறைய 100 கிராம். பயற்றில் 200 கிராமுக்குச் சற்று மேல். கத்தரியில் 20 கிராமுக்குள். குரக்கனிலும் எள்ளிலும் 15 கிராமுக்குள் அடங்கும். பூசணியில் 4,000 விதை சாத்தியமில்லை; 1,000 கிடைத்தால் மகிழ்ச்சி. யாரிடமும் சாக்குக் கணக்கில் கேட்கத் தேவையில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் கொடுப்பவரும் தயங்கமாட்டார்.

படி 4: விவரத் தாள்

பையைக் கட்டும் முன் எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் எந்தப் பை எந்த வளவு என்பது வழியிலேயே குழம்பிவிடும். தேவையானவை: சேகரிப்பு எண், திகதி, பயிர், கொடுப்பவர் சொல்லும் பெயர் அவர் சொன்னபடியே, கிராம அலுவலர் பிரிவு, தொலைபேசியின் ஜிபிஎஸ் காட்டும் அகலாங்கு நெட்டாங்கு, வயலா வளவா வேலியா, செம்பாட்டு மண்ணா மணலா களியா, கிணற்று நீரா மானாவாரியா, விதைத்த மாதம், அறுத்த மாதம், எத்தனை செடியிலிருந்து எடுத்தது, அந்த விதை அவருக்கு எங்கிருந்து எப்போது வந்தது, எதற்குச் சமைப்பார்கள். கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். கஞ்சிக்கு நல்லது, பிட்டுக்கு ஆகாது என்ற ஒரு வரி, ஒரே பெயரில் வந்த இரண்டு நெல் வேறு வேறு என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பெயர்கள் ஏமாற்றும். வலிகாமத்தில் ஒரு பெயர், வடமராட்சியில் இன்னொன்று. ஒரே பெயருக்குத் தென்மராட்சியில் வேறு நிற அரிசி. ஆகவே பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு இடத்து விதையை ஒருபோதும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். பின்னால் ஒன்றுதான் என்று தெரிந்தால் இணைக்கலாம். கலந்ததைப் பிரிக்க முடியாது.

எண்ணைப் பென்சிலால் எழுதிய கடுதாசி ஒன்று பைக்குள், இன்னொன்று வெளியே. பேனை மை ஈரத்தில் ஊறும், குளிரில் மங்கும். விதை எதற்காக, எங்கே போகிறது என்பதைக் கொடுப்பவருக்குச் சொல்லி, அவருடைய பெயரைப் பதிவில் சேர்க்கலாமா என்று கேட்டு, பதிலையும் தாளில் குறியுங்கள்.

படி 5: துப்புரவு

நெல், பயறு, எள்ளு என்பனவற்றுக்குச் சுளகு போதும். இயந்திரத்தில் போட்டு அடித்தால் விதையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். கத்தரி, மிளகாய் விதையைச் சதையிலிருந்து கழுவி அன்றே பரப்ப வேண்டும். தக்காளி, வெள்ளரி விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு போக, சதையோடு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவுங்கள். நமது வெப்பத்தில் மூன்றாம் நாள் போத்தலுக்குள்ளேயே முளைவிடத் தொடங்கும். பூச்சிகொல்லித் தூள் தூவ வேண்டாம். மரபணு வங்கிகள் தூள் பூசிய விதையை விரும்புவதில்லை.

பயறு, உழுந்து, கௌப்பி எடுத்தால் வண்டும் கூடவே வந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை வயலிலேயே காயில் இடப்பட்டுவிடும். நன்கு உலர்த்தி, பொதிசெய்து, உறைபெட்டியில் ஒரு கிழமை வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். உலர்த்தும் முன் உறையவைத்தால் விதைக்குள் பனிக்கட்டி உருவாகி விதையும் சேர்ந்து சாகும். ஒழுங்கு மாறக் கூடாது.

படி 6: உலர்த்தல்

முழு வேலையும் இங்கேதான் நிற்கிறது. ஹாரிங்டன் என்ற விதையியலாளர் தந்த எளிய கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரப்பதன் 1% குறைய ஆயுள் இரட்டிக்கும், வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும். விதையின் ஈரப்பதன் ஏறக்குறைய 5 முதல் 14% வரை இருக்கும்போது இது பொருந்தும். 12% ஈரத்தில் இருக்கும் நெல்லை 7% வரை உலர்த்தினால் ஐந்து தடவை இரட்டிக்கிறது. அதாவது 32 மடங்கு. அதே நெல்லை உலர்த்தாமல் 30 பாகை அறையிலிருந்து 5 பாகைக் குளிர்ப்பெட்டிக்கு மாற்றினாலும் அதே 32 மடங்குதான். மின்வெட்டு வரும் ஊரில், குளிர்ப்பெட்டி வாங்கப் பணம் சேர்ப்பதற்கு முன் உலர்த்தக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். உலர்ந்து மூடப்பட்ட விதைக்கு நாலு மணித்தியால மின்வெட்டு ஒரு பொருட்டே அல்ல.

வெயில் நிறைய இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். வெயில் விதையைச் சூடாக்கும். ஆனால் காற்றில் இருக்கும் ஈரத்துக்குக் கீழே கொண்டுபோகாது. கடல் சூழ்ந்த குடாநாட்டில் காற்றின் சாரீரப்பதன் 75% அளவில் நிற்பது வழமை. அந்தக் காற்றோடு திறந்திருக்கும் நெல் 14% ஈரத்தில் போய்ச் சமநிலை அடையும். பகலில் 11%க்குக் காயவைத்து, இரவு பனியில் விட்டால், அல்லது சாக்கில் கட்டி அறையில் வைத்தால், சில கிழமைகளில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மாரியில் சொல்லவே தேவையில்லை. வங்கிக்கு வேண்டியது 5 முதல் 7%. எள்ளு, கச்சான் போன்ற எண்ணெய் விதைகளில் 3 முதல் 5%. ஆகவே இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும்.

முதற்கட்டம், நிழலும் காற்றும். தை மாசியில் அறுத்த விதையானாலும் சோளகக் காற்றுக் காலத்தில் எடுத்ததானாலும் ஓலைப்பாயில் இரண்டு சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேற்படாமல் பரப்பி, நாளுக்கு நாலைந்து தடவை கிண்டிவிடுங்கள். பச்சை ஈரம் குறைந்த பின் காலை பத்து மணிக்கு முன்னும் மாலை மூன்றரைக்குப் பின்னும் இளவெயில் காட்டலாம். சீமெந்து முற்றமும் தார் வீதியும் வேண்டாம். நண்பகலில் அவற்றின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டும். ஈரமான விதை 40 பாகைக்கு மேல் சூடானால் கரு கெடும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. பொழுது சாய முன் அள்ளி மூடிவிட வேண்டும். இப்படி நாலைந்து நாளில் 12% அளவுக்கு வரும். வீட்டுச் சோதனை: கண்ணாடிப் போத்தலில் நன்கு காய்ந்த உப்போடு ஒரு பிடி விதையைப் போட்டு மூடிக் குலுக்கி, கால் மணித்தியாலம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15%க்கு மேல், இன்னும் காயவேண்டும்.

இரண்டாம் கட்டம், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள். காற்று இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் வாளி அல்லது கண்ணாடிச் சாடி ஒன்று, அடியில் சிலிக்கா ஜெல், அதன்மேல் துணிப்பையில் விதை. விதையின் நிறையும் ஜெல்லின் நிறையும் சமம். ஜெல் தன் நிறையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீர் குடிக்கும் என்று பொதியில் எழுதியிருப்பார்கள். அது உண்மை, ஆனால் அந்த அளவு குடித்த ஜெல்லுக்கு மேலே இருக்கும் காற்று ஈரமாகவே இருக்கும். ஆகவே நிறம் மாறத் தொடங்கியதுமே மாற்றுங்கள்: முதல் மூன்று நாள் தினமும், பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை. குடித்த ஜெல்லை 120 பாகை அடுப்பில் சில மணித்தியாலம் வைத்து, பழைய நிறம் வந்ததும் மூடிய போத்தலில் ஆறவிட்டு மறுபடி பாவிக்கலாம். திறந்து ஆறவிட்டால் ஆறுவதற்குள் பாதி குடித்திருக்கும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் வகையில் கோபால்ற் உப்பு உண்டு, நஞ்சு. பாடசாலைகளில் செம்மஞ்சள் வகையைப் பாவியுங்கள். வறுத்த அரிசியும் கரியும் அவசரத்துக்கு உதவும், ஆனால் 7% வரை கொண்டுவரா.

போதுமா என்று அறிய நிறையே சிறந்த கருவி. சூத்திரம்: வரவேண்டிய நிறை = இப்போதைய நிறை × (100 − இப்போதைய ஈரம்) ÷ (100 − வேண்டிய ஈரம்). 13% ஈரத்தில் 500 கிராம் நெல் இருந்தால், 7%க்கு வரும்போது 500 × 87 ÷ 93 = 468 கிராம். தராசு 468 காட்டும் நாளில் நிறுத்துங்கள். தொடக்க ஈரத்தை ஆராய்ச்சி நிலையத்தில் அளந்து வாங்கலாம். அரைத்த நெல்லை 130 பாகையில் இரண்டு மணித்தியாலம், எண்ணெய் விதைகளை 103 பாகையில் 17 மணித்தியாலம் சூட்டடுப்பில் வைத்து நிறைக் குறைவைக் கணக்கிடுவது முறை. நெற்கடைகளில் உள்ள ஈரமானி 8%க்குக் கீழே சொல்வதை நம்பாதீர்கள். அது வியாபாரத்துக்கு அளவு செய்யப்பட்டது.

தராசு இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: சிறிய ஈரப்பதமானி ஒன்றை ஜெல் இல்லாத போத்தலில் விதையோடு போட்டு மூடி, ஒரே வெப்பநிலையில் ஓர் இரவு விடுங்கள். காலையில் 30%க்குக் கீழே நின்றால் பொதிகட்டத் தகுதி. சிறு விதைகள் ஏழு முதல் பத்து நாளில் ஆயத்தமாகும். பூசணி, பயற்றை இரண்டு கிழமைக்கு மேல் எடுக்கும். அவசரப்பட்டால் விதையின் தோல் காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். மூடிய பின் அது பொதிக்குள் சமமாகப் பரவும்போதுதான் பிழை தெரியவரும்.

படி 7: பொதியும் குளிரும்

மூன்று அடுக்கு அலுமினியத் தாள் உறையைச் சூட்டால் ஒட்டுவது வங்கி முறை. ஒட்டிய உறையை நீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். பொலித்தீன் பை எத்தனை தடிப்பானாலும் வருடக்கணக்கில் ஈரத்தை விடும். இரட்டைப் பை போட்டாலும் அதே கதைதான். ஊர்ப் பிரதிக்கு இறப்பர் வளையம் உள்ள மூடியோடு ஜாம் போத்தல் நல்லது. உள்ளே ஒரு சிறு பொட்டணம் நிறங்காட்டும் ஜெல் போட்டால், மூடி கசிந்த நாளில் அதுவே சொல்லும். விதையை ஜெல் வாளியிலிருந்து எடுத்துப் பொதி மூடும் வரை பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். மழைநாளில் இந்த வேலையே வேண்டாம்.

நீண்டகாலச் சேமிப்புக்கு உலக உணவு விவசாய நிறுவனத்தின் நியமம் மறை 18 பாகை. நடுத்தரக் காலத்துக்கு 5 முதல் 10 பாகை. ஊரில் சாதாரண குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டு போதுமானது. பொதியை வெளியே எடுத்தால் அறை வெப்பத்துக்கு வரும் வரை, ஒரு இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள், திறக்கவே கூடாது. குளிர்ந்த விதைமேல் வெளிக்காற்று பட்டவுடன் நீர் படியும். பத்து நாள் உலர்த்தியது பத்து நிமிடத்தில் போய்விடும். அதனாலேயே ஒரே பெரிய போத்தலில் எல்லாவற்றையும் வைக்காமல் ஐந்தாறு சிறு பொதியாகப் பிரிப்பது நல்லது.

படி 8: முளைச் சோதனை

ஒப்படைக்கும் முன் ஒரு தடவை, பிறகு ஊர்ப் பிரதிக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. 200 விதை, நூறு நூறாக. ஈரமான கடுதாசியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, பொலித்தீன் பையில் நிமிர்த்தி வையுங்கள். இறுதி எண்ணிக்கை நாள்: பயறு, உழுந்து 7, கௌப்பி 8, எள்ளு 6, நெல், கத்தரி, மிளகாய் 14, வெண்டி 21. வேரும் குருத்தும் ஒழுங்காக வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு. புதிதாக அறுத்த மரபு நெல் உறக்கத்தில் இருக்கும். 30% முளைத்தது என்று எறிந்துவிடாமல் 50 பாகையில் ஐந்து நாள் வைத்து மறுபடி சோதியுங்கள். பயறு, வெண்டி ஆகியவற்றில் சில விதை நீரே குடிக்காமல் கல்லாக இருக்கும். அது செத்த விதையல்ல, தோலை அரத்தாளில் ஒரு உரசு உரசினால் முளைக்கும். மூன்றாவது, மிக உலர்ந்த அவரையினத்தை நேரே நீரில் போட்டால் வேகமாக நீர் ஏறி உள்ளே வெடிக்கும். நீருக்கு மேலே வலையில் வைத்து மூடி, ஓர் இரவு ஈரக்காற்று குடிக்கவிட்டுப் பிறகு நனையுங்கள்.

பயிர் இனங்களில் தொடக்க முளைதிறன் 85%க்கு மேல் எதிர்பார்க்கப்படும். அது தொடக்க அளவின் 85%க்கு விழுந்தால் புதுப்பிக்கும் (மறுபடி விதைத்துப் புது விதை எடுக்கும்) நேரம் வந்துவிட்டது: 92%இல் தொடங்கியது 78%ஐ எட்டும்போது. பாதிக்கு விழும் வரை காத்திருந்தால் பிழைத்தவை மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும். அது வேறு இனமாகத் திரும்பி வரும்.

படி 9: புதுப்பித்தல்

நெல், பயறு, உழுந்து சிக்கலில்லை. மூன்று நாலு மீற்றர் இடைவெளியும் கலப்பில்லாத அறுவடையும் போதும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் 200 மீற்றர், பூசணிக் குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம் வேண்டும். பரப்பு என்ற சிறு நில அளவுக் கணக்கில் காணி வைத்திருக்கும் வலிகாமத்தில் ஒரு கிலோமீற்றருக்குள் எத்தனை வீட்டுப் பூசணி நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. தூரத்தை மறந்துவிட்டுக் கையால் செய்யுங்கள். கத்தரி, மிளகாய்ச் செடியைப் பூக்கும் முன் நுளம்புவலைத் துணியால் மூடினால் தேனீ புகாது. பூசணியில் மறுநாள் மலரவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளை மாலையிலேயே நூலால் கட்டிவிட்டு, காலை ஆறு முதல் எட்டு மணிக்குள் வேறு வேறு கொடியின் ஆண்பூவை எடுத்துப் பெண்பூவில் தடவி, மறுபடி கட்டி, காம்பில் நிறநூல் முடிச்சுப் போடுங்கள். பாகலும் காலையில். பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்வன, புடோல் இரவில். அவற்றுக்குக் காலையில் போனால் வேலை முடிந்திருக்கும். இருபது கொடிக்குக் குறையாமல் வையுங்கள். ஒவ்வொரு கொடியிலும் சம அளவு விதை எடுத்துச் சேருங்கள். மிகுதியாகக் காய்த்த ஒரு கொடியின் விதையே பையை நிரப்பிவிட விடக் கூடாது.

விதையில்லாதவை

சின்ன வெங்காயத்தின் உள்ளூர்த் தெரிவுகள் குமிழாகவே நிற்கின்றன. ஒவ்வொரு போகமும் நட்டே தீரவேண்டும், ஒரு போகம் தவறினால் தொகுப்பு போயிற்று. ஒரு இனத்துக்கு நூறு குமிழ் வைத்து, இலை முறுகிய செடிகளைக் கண்ட உடனே பிடுங்கி எரியுங்கள். இராசவள்ளியில் கொடி காய்ந்த பின் கிழங்கெடுத்து, தலைப்பகுதித் துண்டுகளைச் சாம்பல் தடவி நிழலில் வைத்து, அடுத்த பருவத்தில் வேறு பாத்தியில் நடவேண்டும். வைரசு தலைமுறைக்குத் தலைமுறை கூடும் என்பதால் இவ்விரண்டையும் கன்னொறுவையின் இழைய வளர்ப்புப் பிரிவோடு பேசி அனுப்புவது நல்லது.

மாவுக்கு ஒட்டுக்கன்று மட்டுமே. அம்பலவி, செம்பாட்டான், வெள்ளைக்கொழும்பான் எதுவாயினும் தாய்மரத்தை அடையாளமிட்டு, இனத்துக்கு மூன்று மரமாக, குறைந்தது இரண்டு இடத்தில் நடுங்கள். வரைபடத்தைக் கடுதாசியில் வையுங்கள். தகரப் பலகை பத்து வருடம் நிற்காது.

பனை வேறு கதை. ஆண்பனையா பெண்பனையா என்பது பூக்கும் வரை தெரியாது, அதற்குப் பன்னிரண்டு வருடமாவது ஆகும். கிழங்கு ஆழமாக இறங்குவதால் பிடுங்கி நடவும் முடியாது. ஆகவே நிற்கும் மரத்தை ஜிபிஎஸ் குறிப்போடு பதிவதும், தெரிந்த பெண்பனையின் விதையை நிரந்தர இடத்திலேயே ஊன்றுவதும்தான் வழி. பாதியளவு ஆணாகப் போகும் என்பதைக் கணக்கிட்டு இரண்டு மடங்கு ஊன்றுங்கள். பனம்பாத்தியில் கிழங்கு பிடுங்கும் மாதத்தில் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள்.

படி 10: ஒப்படைத்தலும் திரும்பப் பெறுதலும்

விவசாயப் போதனாசிரியர் வழியாகவோ திருநெல்வேலி, கிளிநொச்சி நிலையங்கள் வழியாகவோ கன்னொறுவைக்கு முன்னறிவித்து அனுப்புங்கள். விதை, விவரத் தாள், முளைச் சோதனைப் பெறுபேறு மூன்றும் சேர்ந்து போகவேண்டும். அங்கே சேர்க்கை எண் ஒன்று கொடுப்பார்கள். அந்த எண்ணை உங்கள் சேகரிப்பு எண்ணுக்கு எதிரே எழுதி, பதிவேட்டின் ஒரு பிரதியை ஊருக்கு வெளியே வையுங்கள்.

பிரதி ஏன் இத்தனை முக்கியம் என்பதை இந்த மண்ணுக்கு விளக்கத் தேவையில்லை. 1995 ஐப்பசியில் போரால் வலிகாமமே ஒரே இரவில் வெளிக்கிட்டபோது விதைநெல் மூட்டையைக் காவிப் போகக் கூடியவர்கள் எத்தனை பேர்? சிரியாவின் அலெப்போவுக்கு அருகே இருந்த வரண்ட நில ஆராய்ச்சி மையமும் போரில் தன் வங்கியை இழந்தது. ஆனால் நோர்வேயின் சுவால்பார்ட் விதைப் பெட்டகத்தில் முன்பே பிரதி வைத்திருந்ததால், 2015இல் அங்கிருந்து திருப்பி எடுத்துப் பெருக்க முடிந்தது. ஊரில் ஒன்று, கிளிநொச்சியில் அல்லது வன்னியில் ஒன்று, கன்னொறுவையில் ஒன்று என்பது குறைந்தபட்ச ஒழுங்கு.

வெளிநாட்டுக்குப் போகும் வழி வேறு. உணவுக்கும் விவசாயத்துக்குமான தாவர மரபணு வளங்கள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கையும் அங்கத்துவ நாடு. நெல், குரக்கன், கத்தரி, வாழை, வள்ளி போன்றவை அதன் பொதுப் பட்டியலில் உள்ளன; நியமப் பொருள் கைமாற்று ஒப்பந்தத்தோடு (கொடுப்பவரும் பெறுபவரும் ஏற்கும் பொது ஒப்பந்தம்) போகலாம். வெங்காயம், மிளகாய், மா, எள்ளு அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். ரொறன்ரோவிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் உறவினர் பயணப்பெட்டியில் கொண்டுவரும் விதை, 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. அனுமதியின்றி வந்ததைத் தொகுப்பில் சேர்க்கவே வேண்டாம். ஒரு புதிய வைரசு வருவதற்கு ஒரு பிடி விதை போதும்.

திரும்பக் கேட்டால் வங்கி தருவது சில பத்துக் கிராம், சில வேளை ஐம்பது விதை. அதை நேரே வயலில் வீசாதீர்கள். முதற்போகம் நாற்றாகத் தனிப்பாத்தியில், ஒற்றை நாற்றாக, ஓரடி இடைவெளியில், குருவி வலையின் கீழ் நட்டுப் பெருக்குங்கள். 50 நெல்லில் 40 பிழைத்தால் ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும். அதில் 100 கிராமை உலர்த்தி ஒதுக்கிவிட்டு மிச்சத்தை இரண்டாம் போகம் நட்டால், மூன்றாம் போகத்தில் ஒரு பரப்புக்கு மேல் விதைக்க நெல் கையில் இருக்கும். அதற்கு முன் யாராவது சோறாக்கிப் பார்க்கக் கேட்டால் ஒரு போகம் பொறுக்கச் சொல்லுங்கள்.